பல்பை மாற்றும் முன் வோல்ட்டைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

எதிரே வரும் வண்டியின் வெளிச்சம் கண்ணைப் பறிக்கிறது என்று வாசகர்கள் எழுதுவது வழக்கம். நியாயமான புகார்தான். ஆனால் அப்படிக் கண்ணைப் பறிக்கிற பழைய கார்களில் பலவற்றை ஓட்டுகிறவருக்கே ரோடு சரியாகத் தெரிவதில்லை என்பதை யாரும் எழுதக் காணோம். மாருதி 800, ஆம்னி, ஜென், அம்பாசிடர், சுமோ என்று வயதான வண்டிகள் நம் பக்கம் இன்னும் நிறைய ஓடுகின்றன. லைட் மங்கியதும், "அண்ணாச்சி, வெளிச்சமே இல்ல, பெரிய பல்பா போட்டு விடுங்க" என்று பட்டறையில் வந்து நிற்பார்கள். கடைக்காரரும் நூறு வாட்ஸ் பல்போ எல்.இ.டி. ஜோடியோ எடுத்துக் கொடுத்துவிடுவார். அதோடு வெளிச்சம் ரோட்டை விட்டுவிட்டு எதிரே வருகிறவர் முகத்துக்குப் போய்விடும். கோளாறு பெரும்பாலும் பல்பில் இருக்காது என்பதால்தான் இந்தக் கடிதம்.

பழைய வண்டிகளில் பரவலாக இருப்பது எச்4 என்னும் மூன்று கால் பல்பு. பிரைட் 60 வாட்ஸ், டிம் 55 வாட்ஸ். ஹாலஜன் இழையின் குணம் ஒன்று உண்டு. வோல்ட் கொஞ்சம் குறைந்தாலும் வெளிச்சம் வெகுவாகக் குறையும். பத்து சதவீத வோல்ட் போனால் சுமார் முப்பது சதவீத வெளிச்சம் போய்விடும். எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனையில் 13.8 வோல்ட் இருந்து, பல்பின் காலில் 11.4 மட்டும் வந்தால், வர வேண்டிய வெளிச்சத்தில் பாதிதான் வரும். பார்ப்பதற்கு மஞ்சளாக, சோர்ந்து எரியும். அந்த 2.4 வோல்ட் எங்கே போனது என்று தேடுவதுதான் வேலை.

தேடும் முன் விளக்கு எரிகிற விதத்தைக் கவனியுங்கள். வண்டி நிற்கும்போது மங்கி, ஆக்சிலரேட்டர் கொடுத்ததும் பளிச்சென்று ஆகிறதென்றால் ஆல்டர்னேட்டர், அதாவது பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஜெனரேட்டர் பக்கம் போங்கள். பெல்ட் தளர்ந்திருக்கும், இல்லையென்றால் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும். இரண்டு லைட்டும் ஒரே அளவில் எப்போதும் மங்கலாக எரிந்தால் இரண்டுக்கும் பொதுவான பாதையில், அதாவது சுவிட்ச், ஃபியூஸ் பெட்டி, கனெக்டர் இவற்றில் கோளாறு. ஒரு பக்கம் மட்டும் மங்கினால் அந்தப் பக்கத்து ஹோல்டரையோ எர்த்தையோ (கரன்ட் பாடி வழியாகப் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் இணைப்பு) பாருங்கள். டிம் போட்டால் ஒரு பக்கத்துப் பல்பில் இரண்டு இழையும் செம்மண் நிறத்தில் கனன்று, டாஷ்போர்டில் பிரைட்டுக்கான நீல விளக்கும் லேசாக மின்னுகிறதா? பெரும்பாலான வண்டிகளில் அது எர்த் அறுந்ததன் அடையாளம். கரன்ட் நேர்வழி அடைபட்டு, மற்ற இழை வழியாக அடுத்த பக்கத்து பல்புக்குச் சுற்றிப் போய் எர்த் தேடுகிறது. இதற்குப் புதுப் பல்பு வாங்கிப் பயனில்லை.

அடுத்து மல்டிமீட்டர். டிஜிட்டல் மீட்டர் மலிவானதே போதும். பலரும் தவறுவது ஒரே இடத்தில்தான்: ஹோல்டரைக் கழற்றிவிட்டு அதன் முனையில் வோல்ட் பார்க்கிறார்கள். பச்சை பூத்த வயரிலும் அப்போது 12 வோல்ட் முழுசாகக் காட்டும். சுமை இல்லாதபோது இழப்பும் இல்லை. டெஸ்ட் லேம்ப் பிடித்துப் பார்ப்பதும் அதே கதைதான், அது இழுக்கிற கரன்ட் மிகக் குறைவு. பல்பு ஹோல்டரில் இருக்க வேண்டும், எஞ்சின் ஓட வேண்டும், லைட் எரிய வேண்டும். அந்த நிலையில் ஹோல்டரின் முதுகுப்புறமாக மீட்டர் ஊசியை நுழையுங்கள். முதலில் பேட்டரியின் இரண்டு முனைகளுக்கு நடுவே 13.8 முதல் 14.4 வரை இருக்கிறதா என்று பாருங்கள். 13க்குக் கீழே இருந்தால் லைட்டை விட்டுவிட்டு சார்ஜிங்கைச் சரிசெய்யுங்கள். 14.8ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கோளாறு, பல்பு அடிக்கடி ஃபியூஸ் போவதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். பிறகு ஒரு ஊசியைப் பேட்டரி பாசிட்டிவிலும் மற்றதைப் பல்பின் டிம் காலிலும் வைத்தால், போகும் வழியில் தொலைந்த வோல்ட்டை மீட்டர் நேராகவே சொல்லிவிடும். அரை வோல்ட்டுக்குள் இருந்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை. அதே போல் பல்பின் எர்த் காலுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே பாருங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் போனால் எர்த் சரியில்லை.

எர்த் கெடுவதற்கு நம் ஊரில் இரண்டு காரணம். உவரி, இடிந்தகரை, மணப்பாடு என்று கடலோரம் நிற்கும் வண்டிகளில் உப்புக்காற்று எர்த் லக்கின் (வயர் முனையில் அழுத்திய உலோக வளையம்) அடியில் புகுந்துவிடும். மேலே பார்க்க போல்ட் இறுகித்தான் இருக்கும், கழற்றினால் உள்ளே பச்சையும் துருவும். இன்னொன்று டிங்கரிங் முடிந்து வந்த வண்டி. பெயிண்ட் அடிக்கும்போது எர்த் போல்ட் இருந்த இடத்துக்கும் சேர்த்து அடித்து, அதன் மேலேயே லக்கை முடுக்கிவிடுவார்கள். வண்டி புதுசாக மின்னும், லைட் மட்டும் மங்கிப்போகும். போல்ட்டைக் கழற்றி, உப்புத்தாள் போட்டுத் தகடு வெள்ளையாகத் தெரியும் வரை சுரண்டி, புது லக் அழுத்தி, முடுக்கிய பிறகு மேலே வாசலின் தடவுங்கள். முதலிலேயே தடவிவிட்டு முடுக்காதீர்கள். பேட்டரி முனையில் வெள்ளைப் பூஞ்சை மாதிரி படிந்திருந்தால் வெந்நீரில் ஆப்ப சோடா கரைத்து ஊற்றினால் கரைந்துவிடும். கழற்றும்போது நெகட்டிவை முதலிலும், மாட்டும்போது கடைசியிலும்.

எர்த் சரியாக இருந்தும் பாசிட்டிவ் பக்கம் ஒன்றரை, இரண்டு வோல்ட் தொலைகிறதென்றால் அது வண்டி வடிவமைப்பின் குறை. பல பழைய கார்களில் ஹெட்லைட் கரன்ட் முழுவதும் பேட்டரியிலிருந்து கிளம்பி, எஞ்சினுக்கும் உட்புறத்துக்கும் நடுவிலுள்ள ஃபயர்வால் தகட்டைத் தாண்டி உள்ளே வந்து, ஸ்டீயரிங் அடியில் இருக்கும் காம்பினேஷன் சுவிட்சின் சின்னஞ்சிறு காண்டாக்ட் வழியாகப் போய், மறுபடி முன்னால் வந்து பல்பைச் சேரும். இரண்டு பல்புக்கும் சேர்த்து ஒன்பது, பத்து ஆம்பியர். ஒரு சதுர மி.மீ. வயர் நான்கு மீட்டர் ஓடினால் வயரில் மட்டுமே முக்கால் வோல்ட் போலப் போய்விடும். தேய்ந்த காண்டாக்ட்டும் கறுத்த கனெக்டரும் மிச்சத்தைத் தின்னும். லைட் போட்டுக் கொஞ்ச தூரம் ஓட்டிய பின் அந்த சுவிட்ச் பக்கம் கையை வைத்துப் பாருங்கள். சூடு தெரிந்தாலோ பிளாஸ்டிக் கருகும் வாசனை வந்தாலோ சந்தேகமே வேண்டாம்.

இங்கேதான் நூறு வாட்ஸ் பல்பு செய்யும் கெடுதல் புரியும். கரன்ட் ஒன்றரை மடங்கானால் அதே வயரில் எழும் சூடு இரண்டே கால் மடங்கு. வோல்ட் இழப்பும் கூடும். பல்பு பெரிசானாலும் அதற்குப் போக வேண்டியது போவதில்லை. ஹோல்டர் பழுப்பேறி உருகும், சுவிட்ச் எரியும், பிளாஸ்டிக் ரிஃப்ளெக்டர் என்றால் சூட்டில் ரசம் போகும்.

மருந்து ரிலே, அதாவது சின்னக் கரன்டைக் கொண்டு பெரிய கரன்டைப் போட்டு அணைக்கும் சுவிட்ச். 12 வோல்ட், 30 ஆம்பியர், நான்கு கால் ரிலே இரண்டு வாங்குங்கள், டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று. காலில் 30, 87, 85, 86 என்று எண் போட்டிருக்கும். பேட்டரி பாசிட்டிவிலிருந்து 2.5 சதுர மி.மீ. வயர் இரண்டு இழுத்து, ஒவ்வொன்றிலும் 15 ஆம்பியர் ஃபியூஸ் வைத்து, ஒவ்வொரு ரிலேயின் 30இல் கொடுங்கள். ஃபியூஸ் பேட்டரிக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும், ரிலே பக்கத்தில் அல்ல. நடுவில் வயர் உரசி பாடியில் பட்டால் ஃபியூஸ்தான் தீயைத் தடுக்கும். இரண்டுக்கும் தனித்தனி ஃபியூஸ் ஏன் என்றால், நடுரோட்டில் ஒன்று போனாலும் மற்றது எரியும். 87இலிருந்து புது வயர் இரண்டு பல்புக்கும் போகும். பழைய ஹோல்டரை வெட்டி எறிந்துவிடாதீர்கள். அதன் பொதுக் காலையும் டிம் காலையும் டிம் ரிலேயின் 85, 86இல் கொடுங்கள். பிரைட்டுக்கும் அப்படியே. இனி பழைய சுவிட்ச் ரிலே காயிலை இயக்கினால் மட்டும் போதும், அதற்கு கால் ஆம்பியர்கூடத் தேவையில்லை. சில வண்டிகளில் சுவிட்ச் பாசிட்டிவில் இல்லாமல் எர்த் பக்கத்தில் இருக்கும், அங்கே பொதுக் காலில்தான் பாசிட்டிவ் வரும். ஆகவே எது எர்த் என்று மீட்டர் வைத்துப் பார்க்காமல் நிறத்தை நம்பி வயரைப் பிரிக்க வேண்டாம்.

பல்புக்குப் புது ஹோல்டர் செராமிக்காக இருக்கட்டும். எர்த்துக்கும் அதே 2.5 வயரை இரண்டு ஹோல்டரிலிருந்தும் தனியாக இழுத்துப் பேட்டரி நெகட்டிவுக்கே கொண்டுபோய்விட்டால் பாடித் தகட்டை நம்ப வேண்டியதில்லை. ரிலேயைக் கால்கள் கீழே பார்க்கும்படி, ரேடியேட்டர் சூடு படாத இடத்தில் மாட்டுங்கள். கால்கள் மேலே பார்த்தால் குற்றாலச் சாரலில் ஒரு சீசன்கூடத் தாங்காது. வயரை முறுக்கி டேப் சுற்றுவது வேலையே அல்ல. லக் அழுத்தி ஸ்லீவ் போடுங்கள். எல்லாம் முடிந்ததும் மறுபடி மீட்டர் வைத்தால் இழப்பு அரை வோல்ட்டுக்குள் வந்திருக்கும். அப்போது பழைய 60/55 பல்பே போதும் என்று உங்களுக்கே தோன்றும்.

பல்பைப் பற்றிக் கொஞ்சம். கண்ணாடிக்குள் கறுப்பு படிந்திருந்தால் மாற்றுங்கள், இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். கண்ணாடியை விரலால் தொட்டால் அந்த எண்ணெய்ப் பிசுக்கு சூட்டில் பல்பைக் கெடுக்கும், பட்டுவிட்டால் ஸ்பிரிட் போட்டுத் துடைத்துவிடுங்கள். நீலச் சாயம் பூசிய 'வெள்ளை' பல்பு பார்க்க அழகு. அந்தச் சாயம் வெளிச்சத்தில் ஒரு பங்கை உள்ளேயே பிடித்து வைத்துக்கொள்ளும். சாதாரண பல்பு வாங்குங்கள்.

வோல்ட் சரியாக வந்தும் வெளிச்சம் போதவில்லை என்றால் டூமை, அதாவது ரிஃப்ளெக்டரும் முன் கண்ணாடியும் சேர்ந்த விளக்குக் கூட்டைப் பாருங்கள். பல்பைக் கழற்றிவிட்டு ஒரு டார்ச் அடித்து உள்ளே நோக்குங்கள். ரிஃப்ளெக்டரின் அடிப்பகுதியில் சாம்பல் பூத்தோ உரிந்தோ இருக்கிறதா? தண்ணீர் தங்குவது அங்கேதான். ரசம் போன ரிஃப்ளெக்டருக்கு மருத்துவம் கிடையாது. சில்வர் பெயிண்ட் அடித்து, குரோமியம் முலாம் பூசி என்று சிலர் முயல்கிறார்கள். அசல் அலுமினியப் பூச்சு திருப்பி அனுப்பும் அளவுக்கு இவை எதுவும் அனுப்பாது. டூமை மாற்றுவதே வழி. ரசம் நன்றாக இருந்து தூசி மட்டும் படிந்திருந்தால் சுத்தமான தண்ணீர் ஊற்றி அலசிக் கவிழ்த்துக் காய வையுங்கள். துணி போட்டுத் துடைத்தால் ரசமும் துணியோடு வந்துவிடும். பின்பக்கத்து ரப்பர் மூடி இல்லாத டூம்தான் சீக்கிரம் கெடுகிறது. காற்றுத்துளையில் குளவி கூடு கட்டி அடைத்திருப்பதும் உண்டு. அதனால்தான் மழைக்குப் பின் உள்ளே வேர்த்துக் கிடக்கும்.

முன் கண்ணாடி நிஜக் கண்ணாடியாக இருந்தால் மஞ்சளாகாது. ஆனால் பணகுடி, காவல்கிணறு, ராதாபுரம் பக்கம் காற்றுக் காலத்தில் மணல் அடித்து அடித்து மேற்பரப்பு சொரசொரத்துவிடும், எதிர் வெளிச்சத்தில் பார்த்தால் பனி படிந்தது போலத் தெரியும். அதற்கும் மாற்றுவதுதான். பிளாஸ்டிக் என்றால் வெயிலில் மேல்பூச்சு போய் மஞ்சளாகும். 800ஆம் நம்பர் வாட்டர் பேப்பரில் தொடங்கி 1500, 2000, 3000 என்று தண்ணீர் விட்டுத் தேய்த்து, பாலிஷ் போட்டு, கடைசியில் வெயில் தாங்கும் கிளியர் கோட் அடிக்க வேண்டும். அந்தக் கடைசி வேலையை விட்டுவிட்டால் சில மாதத்தில் பழையபடி மஞ்சள். பற்பசை போட்டுத் தேய்ப்பது படம் எடுத்துப் போடத்தான் உதவும்.

இனி ஃபோகஸ். எச்4 பல்பில் டிம் இழைக்கு அடியில் ஒரு சின்னத் தகடு இருக்கும். வெளிச்சத்தை ரிஃப்ளெக்டரின் மேல்பாதியில் மட்டும் விழவிட்டு, அங்கிருந்து கீழ்நோக்கி ரோட்டுக்கு அனுப்புவது அதன் வேலை. பல்பின் மூன்று காதுகளும் பள்ளத்தில் சரியாக உட்காராமல் கிளிப்பை அமுக்கி மாட்டியிருந்தால் எந்த ஸ்க்ரூவைத் திருகியும் ஃபோகஸ் வராது. எல்.இ.டி. பல்பின் தொல்லையும் இதுதான். அதன் சில்லுகள் இழை இருந்த அதே புள்ளியில், அதே அளவில் அமையாவிட்டால் ரிஃப்ளெக்டர் வெளிச்சத்தை இஷ்டத்துக்குச் சிதறடிக்கும். வண்டிக்கு முன்னால் பத்தடி தூரம் வெள்ளை வெளேர் என்று இருக்கும். தூரத்தில் தார்ப்பாய் போட்ட டிராக்டர் நிற்பது தெரியாது.

டூம் மாற்றும்போது இன்னொரு எச்சரிக்கை. நாம் இடப்பக்கம் ஓட்டுகிறவர்கள். நம் டிம் வெளிச்சம் வலப்பக்கம் மட்டமாகவும், இடப்பக்கம் சரிந்து ஏறியும் இருக்க வேண்டும். வெளிநாட்டு வலப்பக்க ரோட்டுக்குச் செய்த ஏழு அங்குல வட்ட லைட்டுகளும் விற்பனைக்கு வருகின்றன. அவற்றில் வெளிச்சம் வலப்பக்கம் ஏறும், அதாவது நேராக எதிரே வருகிறவர் கண்ணுக்கு. சுவரில் அடித்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

சுவரில் அடித்துப் பார்ப்பது எப்படி? தரை முக்கியம். ரைஸ் மில் களம் பார்க்கச் சமமாகத் தெரியும். தண்ணீர் வடிய நடுவில் மேடாக்கி இரு பக்கமும் சரித்திருந்தால் கணக்குத் தப்பும். வண்டி நிற்கும் இடமும் சுவர் வரையுள்ள தரையும் ஒரே வாட்டத்தில் இருக்க வேண்டும். நான்கு டயரிலும் காற்று சரிபாருங்கள். டிக்கியில் இருக்கும் மூட்டை முடிச்சுகளை இறக்கிவிடுங்கள். பெட்ரோல் அரை டேங்க் போல இருக்கட்டும், ஓட்டுநர் சீட்டில் ஒருவர் உட்காரட்டும். முன்னும் பின்னும் ஒரு முறை அமுக்கிக் குலுக்கிவிட்டு, வண்டியின் மூக்கு சுவரைத் தொடுமளவு கொண்டுபோய் ஒவ்வொரு பல்பின் நடுவுக்கு நேரே சாக்பீசால் ஒரு கூட்டல் குறி போடுங்கள். பிறகு நேர்க்கோட்டில் பின்னால் வந்து லைட்டிலிருந்து சுவருக்கு 5 மீட்டர் விடுங்கள். குறிகளுக்கு 6 செ.மீ. கீழே ஒரு படுக்கைக் கோடு இழுங்கள். ஒரு லைட்டின் ஹோல்டரைக் கழற்றிவிட்டு, மற்றதில் டிம் போடுங்கள். வெளிச்சத்தின் மேல்விளிம்பு வலப்பக்கம் அந்தக் கோட்டிலேயே உட்கார வேண்டும். இடப்பக்கம் ஏறத் தொடங்கும் முனை கூட்டல் குறியின் செங்குத்துக் கோட்டில் இருக்க வேண்டும். டூமில் இரண்டு ஸ்க்ரூ உண்டு, ஒன்று மேல்-கீழ், இன்னொன்று இட-வலம். பழைய வண்டியில் ஸ்க்ரூ பிடித்திருக்கும் பிளாஸ்டிக் நட்டு வெயிலில் மொரமொரத்திருக்கும். முதல் நாளே எண்ணெய் விட்டு வையுங்கள், உடைந்தால் டூம் தலையாட்டும். பிரைட்டைத் தனியாக வைக்க வேண்டியதில்லை, டிம் சரியானால் பிரைட்டின் நடுப்பகுதி கூட்டல் குறியை ஒட்டித் தானாக வரும். வராவிட்டால் பல்பு உட்கார்ந்த விதத்தையோ ரிஃப்ளெக்டரையோ சந்தேகப்படுங்கள்.

ஆறு செ.மீ. என்பது ஏதோ வழக்கமல்ல. தரையிலிருந்து 65 செ.மீ. உயரத்தில் உள்ள லைட், 5 மீட்டரில் 6 செ.மீ. இறங்கினால் சுமார் 54 மீட்டரில் ரோட்டைத் தொடும். 10 செ.மீ. இறக்கினால் 32 மீட்டரிலேயே வெளிச்சம் முடிந்துவிடும். துளியும் இறக்காமல் விட்டால் எதிராளியின் கண்தான் சுவர்.

ஃபோகஸ் சரியாக வைத்த வண்டியும் கூசுவது எப்போது தெரியுமா? குடும்பத்தோடு திருச்செந்தூர் போகும்போது. மாருதி 800இன் வீல்பேஸ், அதாவது முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் உள்ள தூரம், 2175 மி.மீ. பின்சீட்டில் மூன்று பேரும் டிக்கியில் சாமானும் ஏறிப் பின்பக்கம் 5 செ.மீ. அமுங்கினால், முன் வெளிச்சம் நூற்றுக்கு 2.3 வீதம் மேலே தூக்கும். நாம் இறக்கி வைத்தது 1.2 வீதம்தான். அதே நேரத்தில் இடது ஓரம் முழுக்கப் பாதயாத்திரைக்காரர்கள் நடந்து போய்க்கொண்டிருப்பார்கள். டாஷ்போர்டில் 0 முதல் 3 வரை எண் போட்ட சக்கரம் உள்ள வண்டி என்றால் சுமைக்கேற்பத் திருப்பிக்கொள்ளலாம். இல்லாதவர்கள் சுமை ஏற்றிய பின் ஸ்க்ரூவைக் கொஞ்சம் இறக்கிவிட்டுக் கிளம்புவதும், பின்பக்கத்து ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் அதைப் பார்ப்பதும்தான் வழி. முன்பெல்லாம் லைட்டின் மேல்பாதியில் கறுப்புப் பெயிண்ட் அடிப்பார்கள். அது வெளிச்சத்தைத் தின்றதே தவிர ஃபோகஸைத் திருத்தவில்லை.

1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் முன் விளக்கின் வெளிச்சம் நிரந்தரமாகக் கீழ்நோக்கிச் சரிந்திருக்க வேண்டும் என்று இருக்கிறது. அதைச் சோதிக்கத்தான் சாமானியனுக்கு இடமில்லை. பதினைந்து வருடம் தாண்டிய கார்கள் பதிவைப் புதுப்பிக்க எப்படியும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு வருகின்றன. அங்கே மைதானத்தின் ஒரு ஓரத்தில் பத்து மீட்டர் நீளத்துக்குத் தரையை ஒரே வாட்டத்தில் பூசி, எதிரே வெள்ளையடித்த சுவரில் பத்து செ.மீ. இடைவெளியில் கோடும், 5 மீட்டரில் தரையில் ஒரு கோடும் போட்டு, மாலை இருட்டியபின் ஒரு மணி நேரம் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டால் செலவு அதிகம் ஆகாது. திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி அதிகாரிகள் இதை யோசிக்க வேண்டும். பெட்ரோல் பங்க் வைத்திருப்பவர்களும் காற்று பிடிக்கும் இடத்துக்கு எதிர்ச்சுவரில் இதைச் செய்யலாம், காற்று சரிபார்த்த கையோடு லைட்டையும் பார்த்துக்கொள்ள வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
கார் வயரிங் தொழில் செய்வோர் சிலர்,
பாளையங்கோட்டை.